மசில்லோடர் குழலில் இறுகிய காப்பு க்ரீஸ்: சுடும் முன் முழுதாக எடுப்பது எப்படி?

செங்காங்_செல்வா:

வணக்கம். ஆஸ்திரேலியாவில் டூவூம்பாவில் இருக்கும் மச்சான் புதிதாக ஒரு மசில்லோடர் வாங்கியிருக்கிறார். வாய்வழியாக மருந்தும் உண்டையும் போட்டுக் கெட்டிக்கும் பழைய பாணி. இத்தாலியத் தயாரிப்பு, ஹாக்கன் என்ற பழைய அமெரிக்கப் பாணி, .50 காலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்). அடியில் துளையுள்ள சின்னக் குமிழ், அதாவது நிப்பிள், அதன் மேல் கேப் என்னும் சின்ன வெடிமூடியை வைத்துச் சுத்தியல் அடித்துச் சுடுவது. உரிமம் அவர் பெயரில், துப்பாக்கியும் அங்கேயேதான். ஜூன் விடுமுறையில் நாங்கள் போகும்போது அவருடைய கிளப் தளத்தில் முதல் தடவை சுடுவதாகத் திட்டம்.

படம் அனுப்பியிருந்தார். குழலின் வாயில் விரல் விட்டால் துருப் பிடிக்காமல் இருக்கத் தயாரிப்பாளர் தடவிய பழுப்பு க்ரீஸ் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. நிப்பிளின் துளையும் அடைத்திருக்கிறது. அவர் கொதிநீர் ஊற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் பெட்ரோல் ஊற்றிக் கழுவச் சொன்னாராம். டபிள்யூடி-40 அடித்துத் துடைத்தால் ஆகாதா? எந்த வரிசையில் செய்வது, போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கே சிங்கப்பூரிலிருந்து ஏதாவது வாங்கிப் போகலாமா?

பட்டறை_மணி:

தம்பி, குழலைத் துடைப்பது சுலபம். அதை யாரும் செய்துவிடுவார்கள். ஆளைக் காலைவாருவது அடிப்பக்கம். ஹாக்கன் வகையில் பலவற்றில் மருந்து அறை குழலைவிடக் குறுகலாக இருக்கும். துணித்துண்டைச் சுற்றித் தள்ளும் பித்தளைத் தலை, அதாவது .50 ஜாக், அந்த அறையின் வாயில் முட்டி நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ள இடத்தையும், அங்கிருந்து பக்கவாட்டில் நிப்பிளுக்குப் போகும் சின்ன வழியையும் ஜாக் தொடவே தொடாது. மேலே துணி வெள்ளையாக வரும், கீழே க்ரீஸ் அப்படியே உட்கார்ந்திருக்கும். மருந்தைப் போட்டதும் அடியில் இருக்கிற மருந்து எண்ணெய் குடித்துவிடும். அப்புறம் கேப் மட்டும் பட்டென்று வெடிக்கும், துப்பாக்கி ஊமையாக நிற்கும்.

எரிந்தாலும் தொல்லை இருக்கிறது. கரிமருந்து எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாகத்தான் மிஞ்சும். அந்தக் கசடு பெரும்பாலும் பொட்டாசியம் உப்புகள், தண்ணீரில் கரையும். கெட்டியான பெட்ரோலிய க்ரீஸ் அதோடு சேர்ந்து வெந்தால் தார் மாதிரி இறுகிவிடும். தண்ணீருக்கு மசியாது. மூன்றாவது நான்காவது உண்டையே பாதியில் சிக்கும்.

வேலைக்கு முன்னால் துப்பாக்கி காலியா என்று பார்க்க வேண்டும். பெட்டியைப் பிரிக்காத புதுசு என்றாலும் பார். உண்டையைத் தள்ளிக் கெட்டிக்கும் கோலை, அதாவது ராம்ராடை, அடி வரை விட்டு, வாயின் விளிம்பில் பென்சிலால் கோடு போடு. வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் அதே அளவுக்கு வைத்துப் பார். கோலின் நுனி நிப்பிள் இருக்கும் இடத்தை ஏறக்குறைய எட்ட வேண்டும். குறுகல் அறை இருந்தால் கொஞ்சம் முன்னாலேயே நிற்கும். அதைவிட ஓர் அங்குலம் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது க்ரீஸ் கட்டியாகவும் இருக்கலாம், மருந்தும் உண்டையுமாகவும் இருக்கலாம். எது என்று தெரியும் வரை கேப் பக்கம் கை போகக்கூடாது.

பிறகு ராம்ராடை உருவிவிட்டு, சுத்தியலை அரைத் தூக்கில் வைத்து, குழலைத் தாங்கும் மரக் கட்டையின் குறுக்கே இருக்கும் ஆப்புத் தகடுகளைத் தட்டி எடு. குழலின் முன்பக்கத்தைத் தூக்கினால் அடிக்கொக்கி தானாக விடுபடும். நெம்பாதே, கட்டை பிளக்கும். நிப்பிளை அதற்கான குறட்டில்தான் கழற்ற வேண்டும். இடுக்கி போட்டால் விளிம்பு மழுங்கி, கேப் சரியாக உட்காராது.

இப்போது உங்கள் கொதிநீர் விஷயம். காஸ்மோலின் போன்ற மெழுகு க்ரீஸ் ஏறக்குறைய 45 முதல் 52 டிகிரியில் இளகும். டூவூம்பாவில் ஜூன் காலை 10 டிகிரிக்கும் கீழே இருக்கும், அந்தக் குளிரில் கல் மாதிரி நிற்கும். அதனால் சூடு காட்டுவது சரிதான். ஆனால் வாய் மேலே இருக்கும்படி நிறுத்திச் சூடாக்கினால் உருகிய க்ரீஸ் முழுக்க அடிக்கு ஓடி, நிப்பிள் வழியில் போய் ஆறி மறுபடி உறையும். போகக்கூடாத இடத்தில் நாமே கொண்டு சேர்த்த கதை. சூடாக்கும்போது வாய் கீழே, அடி மேலே. வெயிலில் ஒரு மணி நேரம் சாய்த்து வைத்தாலும் ஆகும், தலைமுடி காயவைக்கும் கருவியை அடிப்பக்கத்திலிருந்து காட்டினாலும் ஆகும். கீழே ஒரு தகர டப்பா வை.

பெரும்பகுதி வடிந்த பிறகு கரைப்பான். அங்கே மினரல் டர்ப்ஸ் (பெயின்ட் கரைக்கும் திரவம்) என்று கேட்டால் வன்பொருள் கடையில் கிடைக்கும், மண்ணெண்ணெயும் சரி. நிப்பிள் துளையைத் தக்கையால் அடைத்து, குழலை நிமிர்த்தி 30 மில்லி ஊற்றி, பத்து நிமிடம் விட்டுச் சாய்த்துச் சாய்த்துச் சுழற்றி, டப்பாவில் கொட்டு. இன்னொரு தடவை. அப்புறம் டர்ப்ஸில் நனைத்த துணித்துண்டுகள், நாலைந்து. .50 குழலுக்கு 2 அங்குலம் அல்லது இரண்டரை அங்குலம் போதும்.

அதற்கப்புறம்தான் நான் மேலே சொன்ன அறை. .30 காலிபர் நைலான் பிரஷ் ஒன்றில் சின்னத் துணியைச் சுற்றி டர்ப்ஸில் நனைத்து, அடியில் முட்டும் வரை விட்டு, வலப்பக்கமாகச் சுழற்று. இழுக்கும்போதும் வலப்பக்கமாகச் சுழற்றியபடியே இழு. இடப்பக்கம் சுழற்றினால் பிரஷ் கோலிலிருந்து கழன்று உள்ளேயே தங்கிவிடும். பித்தளைக் கம்பி பிரஷ் வேண்டாம். அடி மூடிய குழலில் அதன் முட்கள் திரும்ப இடமில்லாமல் நங்கூரம் மாதிரி பிடித்துக்கொள்ளும். நிப்பிள் உட்காரும் துளைக்குள் பைப் கிளீனரை விட்டுத் திருகு. அடியில் பக்கவாட்டில் சின்னத் திருகு ஒன்று இருந்தால் அதையும் கழற்று, சுத்தம் செய்ய வசதியாக வைத்த வழி அது. நிப்பிளை டர்ப்ஸில் ஊறப்போட்டு, மின்கம்பிக்குள் இருக்கும் ஒற்றைத் தாமிர இழையால் துளையைக் குத்து. ஊசி வேண்டாம், துளை பெரிதாகிவிடும்.

கடைசியாகத் தண்ணீர். வாளியில் 60 டிகிரி தண்ணீர், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். குழலின் அடியை வாளிக்குள் வை. ஜாக்கில் ஈரத்துணி மாட்டி மேலும் கீழும் இழுத்தால் நிப்பிள் துளை வழியாகத் தண்ணீர் உறிஞ்சி ஏறும், தள்ளினால் பீச்சும். இருபது தடவை. பிறகு சோப்பில்லாத வெந்நீரில் பத்து தடவை. உடனே காய்ந்த துணிகள், அப்புறம் ஸ்பிரிட் நனைத்த துணி இரண்டு. அடி மேலாக, வாய் கீழாகக் கால் மணி நேரம் நிறுத்தி வை.

கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் குழல் தானே காய்ந்துவிடும் என்பார்கள். காயும், கூடவே ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துருவும் படரும். கையும் வேகும்.

உட்லண்ட்ஸ்_ரவி:

மணி அண்ணன் சொன்ன வரிசை சரி. தண்ணீரை முதலில் கொண்டுவந்தால் சோப்பு மேலே உள்ள மெல்லிய படலத்தை மட்டும் எடுக்கும், கட்டி நகராது. பல பேர் அங்கேதான் தவறுகிறார்கள்.

பெட்ரோல் கூடவே கூடாது. அதன் ஆவி சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பிடிக்கும், தரையோடு படர்ந்து தூரத்தில் இருக்கும் அடுப்பு வரை போகும். பிரேக் கிளீனர் க்ரீஸை நொடியில் கரைக்கும், ஆனால் ஒரு துளி கட்டையில் பட்டால் மெருகு உரிந்துவிடும். அசிட்டோனும் அப்படியே. குழலைத் தனியாக எடுத்து, வெளியே, காற்றோட்டத்தில், கையுறையோடு என்றால் பிரேக் கிளீனரை நான் மறுக்க மாட்டேன். மினரல் டர்ப்ஸ் மெதுவாக வேலை செய்தாலும் தவறு செய்ய இடம் குறைவு.

டபிள்யூடி-40 க்ரீஸை இளக்கும், உண்மை. பிறகு அதுவே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும், நிப்பிள் வழியில் தேங்கும். அடித்தால் அதையும் ஸ்பிரிட்டால் எடுக்க வேண்டும். ஒரு வேலைக்கு இரண்டு வேலை.

ஸ்பிரிட் என்றால் ஆஸ்திரேலியாவில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் கேட்கலாம், பெரும்பாலும் எத்தனால்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோப்ரொப்பைல் வேண்டாம், மீதி 30 சதவீதம் தண்ணீர். 99 சதவீதம் என்றால் நல்லது. ஆனால் ஸ்பிரிட்டை முதல் கரைப்பானாக நம்பாதீர்கள். கெட்டி க்ரீஸை அது சரியாகக் கரைக்காது. மிச்சப் படலத்தையும் ஈரத்தையும் வாரிக்கொண்டு போக மட்டும்தான் அது.

ஒன்று விடுபட்டிருக்கிறது. சுத்தியலை இயக்கும் பொறி, அதாவது லாக். பக்கத் தகட்டின் திருகைக் கழற்றினால் லாக் முழுதாக வெளியே வரும். அதற்குள்ளும் அதே க்ரீஸ்தான். குளிர்ந்த காலையில் அது இறுகினால் சுத்தியல் சோம்பலாக விழும், கேப் முதல் அடியில் வெடிக்காது. பஞ்சுக்குச்சியில் டர்ப்ஸ் தொட்டுத் துடைத்து, உரசும் இடங்களில் மட்டும் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு வையுங்கள். பெரிய வில்லைப் பிடிக்கும் கவ்வி இல்லாமல் லாக்கை அக்கு அக்காகப் பிரிக்க வேண்டாம்.

தேக்கா_பாபு:

எல்லாத்தையும் இப்படி உரிச்சு எடுத்துட்டா இரும்பு வெறுமனே நிக்குமே ப்ரோ. தோசைக்கல் பழக்குற மாதிரி குழலையும் பழக்கணும்னு படிச்சிருக்கேன். சூடு பண்ணி தேங்காய் எண்ணெய் தடவி, சுடச் சுட இன்னும் தடவிக்கிட்டே வந்தா துருவே பிடிக்காதாம். சோப்பு போட்டா அந்தப் பழக்கம் போயிடும்னும் சொல்றாங்க.

பட்டறை_மணி:

பாபு, தோசைக்கல் வார்ப்பிரும்பு. மேல்பரப்பு சொரசொரப்பு, அதில் எண்ணெய் பல தடவை வெந்து கெட்டிப் படலமாகப் பிடிக்கிறது. இந்தக் குழல் கடைந்த எஃகு, வழவழப்பு. உள்ளே பழக்கம் பிடித்தது என்று சொல்லும் கறுப்பு பெரும்பாலும் கசடும் எண்ணெயும் சேர்ந்த பூச்சுதான். கரிமருந்துக் கசடு காற்றின் ஈரத்தை இழுக்கும். அதை எண்ணெய்க்கு அடியில் விட்டு மூடினால் துரு மறைவாக ஓடும். தண்ணீரும் சோப்பும் போட்டு முழுதாக எடுப்பதுதான் குழலுக்குப் பாதுகாப்பு.

தேங்காய் எண்ணெய் உண்டையைச் சுற்றும் துணியில் தடவ ஆகும், துப்பாக்கியை எடுத்து வைக்கும் காப்புக்கு ஆகாது. நம்ம ஊரில் எப்போதும் எண்ணெயாகவே பார்க்கிறோம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், டூவூம்பா காலையில் மெழுகாக நிற்கும். தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் கலந்து பிசைந்தால் குளிருக்கு ஏற்ற பதத்தில் வைத்துக்கொள்ளலாம். எடுத்து வைக்கும்போது துரு தடுக்கும் எண்ணெய் மெல்லியதாக ஒரு கோட், அதுவும் வாய் கீழாக நிறுத்தி. நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் ஒரு மாதத்தில் அடிக்கு இறங்கி, மறுபடி செல்வா கேட்ட கேள்வியிலேயே வந்து நிற்போம்.

செங்காங்_செல்வா:

நன்றி மணி அண்ணே, ரவி சார். வாய் மேலே வைத்துச் சூடாக்கத்தான் மச்சான் நினைத்திருந்தார், நல்ல வேளை. இரண்டு சந்தேகம். துணி எவ்வளவு வெள்ளையாக வந்தால் போதும்? பனியன் துணி ஆகுமா? துணி உள்ளேயே சிக்கிக்கொண்டால்?

உட்லண்ட்ஸ்_ரவி:

பனியன் துணி ஆகும், சுத்தப் பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் கலந்தது உறிஞ்சாது. ஒரு தடவை துவைத்துக் கஞ்சி போக்கிவிடுங்கள். பனியன் இழுபடும் துணி, அதனால் மிகப் பெரிதாக வெட்டினால் ஜாக்கைச் சுற்றி மடிந்து இறுகும். சிறியதிலிருந்து தொடங்கி, விரலால் தள்ளும் அழுத்தத்தில் போகும் அளவைப் பாருங்கள். இது துடைக்க மட்டும். உண்டையைச் சுற்றும் துணிக்கு நெருக்கமாக நெய்த, தடிமன் அளந்த பருத்திதான் வேண்டும், அங்கே பனியன் கிழியும்.

சிக்கினால் பலத்தால் இழுக்காதீர்கள். குழலில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டால் துணி வழுக்கி வந்துவிடும். காய்ந்த துணிதான் அதிகம் சிக்கும். ஜாக் வெளியே வந்து துணி மட்டும் உள்ளே தங்கினால், இரட்டைச் சுருள் கம்பி மாதிரி ஒரு முனை விற்கிறார்கள், அதைக் கோலில் மாட்டித் திருகி எடுக்கலாம். முதல் நாளுக்கே ஒன்று வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

துப்பாக்கியோடு வரும் மர ராம்ராடைத் துடைக்கப் பயன்படுத்தாதீர்கள். மரத்தின் இழை குறுக்கே ஓடினால் சாய்வாகப் பிளந்து உள்ளங்கையில் ஏறும். பித்தளை அல்லது ஃபைபர் கிளாஸ் கோல், வாயின் நடுவில் கோலைப் பிடிக்கும் காப்பு வளையத்தோடு. எந்தக் கோலானாலும் வாயிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்துச் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள்.

வெள்ளை என்பது முதல் அளவுகோல் மட்டுமே. ஸ்பிரிட் துணி மஞ்சளோ பழுப்போ இல்லாமல் வர வேண்டும். லேசான சாம்பல் நிறம் எஃகிலிருந்து வருவது, அதைத் துரத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டாவது, தண்ணீர் பீச்சும் சோதனை. வாளிக்கு வெளியே தூக்கி ஜாக்கை அழுத்தினால் நிப்பிள் துளையிலிருந்து தண்ணீர் ஒரே தாரையாக அடிக்க வேண்டும். சொட்டு சொட்டாக வந்தால் வழியில் இன்னும் அடைப்பு.

பட்டறை_மணி:

மூன்றாவது சோதனை தளத்தில். இதைத் தவிர்க்கவே கூடாது. மருந்து போடுவதற்கு முன், ஜாக்கில் காய்ந்த துணியை மாட்டி அடி வரை விட்டு எடு. பிறகு நிப்பிளில் கேப் வைத்து, வாயை ஒரு புல்லுக்கு அருகில், இலக்குப் பக்கமாகவே காட்டிச் சுடு. புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் இன்னொரு கேப். மூன்றிலும் அசையவில்லை என்றால் நிப்பிளைக் கழற்றி பைப் கிளீனர். கேப்பின் சூடு வழியில் மிஞ்சிய ஸ்பிரிட்டையும் ஈரத்தையும் எரித்துவிடும், அதுவும் ஒரு லாபம்.

சிலர் துணியை ஜாக்கோடு அடியிலேயே விட்டுக் கேப் வெடிப்பார்கள். வெளியே எடுத்தால் நடுவில் கருகிய வட்டம் தெரியும், நெருப்பு எட்டியது உறுதி. நல்ல சோதனைதான், ஆனால் கோல் உள்ளே இருக்கும்போது துப்பாக்கி காலி என்பதில் துளி சந்தேகமும் இருக்கக்கூடாது. துணி முழுதாக வெளியே வந்ததா என்று பார்த்த பிறகே மருந்து. மருந்தின் அளவுக்குத் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள குறைந்த அளவிலிருந்து தொடங்கட்டும். கரிமருந்து அல்லது அதற்கு மாற்றாக விற்பது மட்டும். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடக்கூடாது, குழல் வெடிக்கக்கூடும்.

நிப்பிளைத் திரும்ப மாட்டும்போது மரையில் ஆன்டி-சீஸ் பசை (மரை இறுகிப் பிடிக்காமல் தடுப்பது) ஒரு பொட்டு. அந்த இடத்தில் பெட்ரோலியம் இருந்தால் பரவாயில்லை, துளைக்குள் ஏறாமல் பார்த்துக்கொள். மாற்று நிப்பிள் வாங்கினால் மரை அளவைக் கேட்டு வாங்கு. 6 மி.மீ.யிலேயே இரண்டு விதப் புரி இருக்கிறது, ஒன்றில் மற்றது பாதி வரை ஏறிப் பிறகு மரையைத் தின்றுவிடும்.

சாங்கி_ஓரம்:

எடுத்துப் போகும் விஷயம் யாரும் சொல்லவில்லை. டர்ப்ஸ், ஸ்பிரிட், ஸ்ப்ரே டப்பா எதையும் பையில் போடாதீர்கள், தீப்பற்றும் பொருள், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். எல்லாம் அங்கேயே மலிவு. இங்கிருந்து பனியன் துணி, பைப் கிளீனர், பஞ்சுக்குச்சி, நைட்ரைல் கையுறை எடுத்துப் போகலாம். முஸ்தபா கடையில் ஒரு சுற்று சுற்றினால் முடிந்துவிடும்.

திரும்பி வரும்போதுதான் கவனம். கேப், மருந்து, உண்டை, நினைவுப்பொருள் என்று எதையும் கொண்டுவராதீர்கள். துப்பாக்கி, வெடிமருந்து சம்பந்தப்பட்டதைக் கொண்டுவர சிங்கப்பூரில் போலீஸ் அனுமதி வேண்டும், பொம்மை மாதிரி இருக்கும் போலித் துப்பாக்கிக்கும் சேர்த்துத்தான். துடைத்த துணி, பிரஷ், கையுறை எல்லாவற்றையும் மச்சான் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சுட்ட அன்று போட்ட சட்டையைத் துவைக்காமல் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் வெடிபொருள் துகள் தேடும் சோதனையில் மாட்ட வாய்ப்புண்டு.

கரைந்த க்ரீஸும் டர்ப்ஸும் கலந்த டப்பாவை அங்கே சாக்கடையில் கொட்ட வேண்டாம் என்றும் மச்சானிடம் சொல்லுங்கள். மூடி வைத்து, அவருடைய நகராட்சியின் கழிவு மையத்தில் கொடுக்கலாம்.

செங்காங்_செல்வா:

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. இவ்வளவும் செய்து, மருந்தும் உண்டையும் போட்ட பிறகு கேப் மட்டும் வெடித்துத் துப்பாக்கி சுடாவிட்டால்?

பட்டறை_மணி:

வாயை இலக்குப் பக்கமே வைத்து ஒரு நிமிடம் அசையாமல் நில். தாமதமாகப் பற்றும் வாய்ப்பு உண்டு. தள அதிகாரிக்குக் கை காட்டு. பிறகு புது கேப் வைத்து இன்னும் ஒன்றிரண்டு தடவை, ஒவ்வொன்றுக்கும் அதே ஒரு நிமிடம்.

அதற்கும் மசியாவிட்டால் நிப்பிளைக் கழற்று. துளையில் பழுப்பு ஈரம் தெரிந்தால் க்ரீஸ்தான் காரணம், பைப் கிளீனரால் ஒற்றி எடு. நிப்பிள் உட்காரும் குழிக்குள் நுண்ணிய கரிமருந்து 3 அல்லது 4 கிரெயின் (ஏறக்குறைய 0.2 கிராம்) தட்டித் தட்டி இறக்கி, நிப்பிளை மாட்டி, உண்டை அடி வரை இருக்கிறதா என்று கோலின் கோட்டை வைத்து உறுதி செய்து, கேப் வைத்துச் சுடு. உண்டை மேலே நகர்ந்திருந்தால் முதலில் அடி வரை தள்ளு. இடைவெளி இருந்து பற்றினால் குழல் உப்பும். கோலைத் தள்ளும்போது நிப்பிளில் கேப் இருக்கவே கூடாது, முகமும் உடம்பும் வாய்க்கு நேராக வேண்டாம்.

அதுவும் ஆகவில்லை என்றால் நிப்பிள் துளை வழியாகத் தண்ணீர் விட்டு மருந்தை நனைத்து, கால் மணி நேரம் கழித்து உண்டை இழுக்கும் திருகால் எடுக்க வேண்டும். காற்றழுத்தத்தில் வெளியே தள்ளும் கருவி கிளப்பில் இருக்கும், இருந்தால் அதைக் கேள், ஒரு நொடி வேலை. அப்புறம் அன்றைக்கு மறுபடி மருந்து போடாதே. குழலைக் கழற்றி, .30 பிரஷ்ஷோடு அந்தக் குறுகல் அறைக்குத் திரும்பிப் போ.